குடை பிடித்து வந்த ‘நீ’

என் மனைவி என் வகுப்பில் முதன்முதலாக வாய் திறந்தது நான் உருவகம் நடத்திய அன்று.

ஹாலிஎலயில் ரயில் பாதைக்கு மேற்புறம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் பதுளை நகரப் பாடசாலை ஒன்றில் ஏ.எல். எனப்படும் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் வீட்டு முன்னறையிலேயே பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு நடக்கும். அவள் குடும்பநல உத்தியோகத்தர். வாரம் முழுக்கத் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்துவிட்டு வருபவள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் எல்லோரும் அவளை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை அவள் சமையலறையில் இருப்பாள். இடையில் ஒரு திரைச்சீலை மட்டும். நான் சொல்வது அவளுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அவள் அதைக் கவனித்துக் கேட்கிறாள் என்பது தெரியாது.

அன்று பலகையில் ‘தாமரை முகம்’ என்றும் ‘முகத்தாமரை’ என்றும் எழுதினேன். முதலாவதில் முகம் தாமரையைப் போல இருக்கிறது. முகம் வேறு, தாமரை வேறு, அது உவமை. இரண்டாவதில் முகமே தாமரை ஆகிவிட்டது, அது உருவகம். ஆசிரியர் ஆன நாளிலிருந்து இதே உதாரணத்தைத்தான் சொல்லி வந்தேன். ஒரு மாணவி எழுந்து, “சேர், வேற ஒன்னு சொல்லுங்களேன். எல்லாப் புத்தகத்துலயும் இதேதான் இருக்கு” என்றாள். யோசித்தேன். பாதமலர், கண்மலர் என்று எல்லாம் பூவாகவே வந்தது.

“பசிநாய்னு சொல்லலாமா?” என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். “வயித்துக்குள்ள பசிநாய் படுத்துக் கிடக்குன்னா அது எதுங்க?”

பசியாகிய நாய். சந்தேகமே இல்லாமல் உருவகம்தான். “சரிதான்” என்றேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒருவன், “மிஸ், அந்த நாய் குரைக்குமா?” என்று கேட்டான். “வெள்ளன எந்திரிச்சுக் குரைக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தவணைப் பரீட்சையில் உருவகத்துக்கு உதாரணம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் பசிநாய் என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி ஒரு படி மேலே போய் ‘தூக்கப்பூனை’ என்று எழுதியிருந்தாள். எல்லாம் சரியான விடைகள். ஒவ்வொன்றுக்கும் சரி போடும்போது சிவப்புப் பேனாவை இருக்க வேண்டியதை விட அழுத்திப் பிடித்திருந்தேன். முகத்தாமரையை ஒருவர்கூட எழுதவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் திரைச்சீலை ஒருபக்கமாகச் சுருட்டிக் கட்டப்பட்டது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். எதுகை என்றால் என்ன, மோனை என்றால் என்ன என்று இரவுச் சாப்பாட்டின்போது விசாரிப்பாள். அடியின் முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்னிடம் இருப்பதை அவள் வாங்கிக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது போனில் தட்டியதாகச் சொல்லி ஒரு கவிதையை எனக்கு அனுப்பினாள். லயத்து வீட்டில் குழந்தைக்கு எடை பார்ப்பது பற்றியது. தராசை மேலே உத்திரத்தில் கட்டி, அதில் துணிப்பையை மாட்டிக் குழந்தையை உட்கார வைப்பார்கள். பழைய மரம், கொஞ்சம் வளையும். அதில் ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

உத்திரம் குனிந்து பார்க்கிறது
புதிதாக வந்தவன் யாரென்று.

பாடசாலை வராந்தாவில் நின்றபடி படித்தேன். பாரம் ஏறினால் மரம் வளையும்; அது இயல்பாக நடப்பது. அந்த இயல்பான காரியத்துக்குக் கவிஞன் தன் மனதிலிருந்து ஒரு காரணத்தை எடுத்து ஏற்றிச் சொன்னால் அதன் பெயர் தற்குறிப்பேற்றம். பிள்ளைகளுக்கு விளங்கவைக்க நான் ஒவ்வொரு வருடமும் திண்டாடும் அணி அது. அவளுக்கு அதை நான் இன்னும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும், “படிச்சீங்களா?” என்றாள்.

“தற்குறிப்பேற்ற அணி வந்திருக்கு.”

“அப்படின்னா?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“சரிங்க. நல்லா இருக்கா, இல்லையா?”

“‘புதிதாக’வுக்குப் பதிலா ஓசை ஒத்துவர்ற மாதிரி வேற சொல்லுப் போட்டா எதுகை அமையும்.”

அவள் தேநீர் ஊற்றப் போனாள். நல்லா இருக்கு என்று ஒரு சொல் சொல்வது பெரிய காரியமில்லை. அதை நான் சொல்லவில்லை.

பதுளைக் கடைவீதியில் புத்தகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர் பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் தன் கடை மாடியில் கவியரங்கம் நடத்துகிறார். பெரிய கூட்டமெல்லாம் வராது. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் வேலை செய்யும் ஓரிருவர். பிளேன்டீயும் வடையும் கிடைக்கும். தொடங்கிய நாளிலிருந்து நான் அதில் வாசித்து வருகிறேன். யாப்பு தெரிந்து எழுதுபவன் என்று எனக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு.

நான்தான் அவளையும் கூட்டிப் போனேன். நண்பர் எப்படியோ கேள்விப்பட்டு, “ஒங்கட வைஃபும் எழுதுறாங்களாமே சேர், கூட்டிட்டு வாங்க” என்று கேட்டிருந்தார். அன்று நான் ஒரு சிலேடை வெண்பா வாசித்தேன். ‘கொழுந்து’ என்ற ஒரே சொல் தேயிலைத் தளிருக்கும் தீயின் நாக்குக்கும் பொருந்துமாறு, ஒவ்வொரு சீரும் இரண்டு பக்கமும் பொருள் தருகிற மாதிரி செய்திருந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து செதுக்கியது. வாசித்துவிட்டு இரண்டு பொருளையும் விளக்கினேன். கைதட்டினார்கள். ஒருவர், “சேர்ட மூளை வேற” என்றார்.

அடுத்து அவள் எழுந்து, எடை பார்க்கும் கவிதையைப் போனைப் பார்த்து வாசித்தாள். முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க வடையை எடுத்துக் கடித்தேன். அப்போது நண்பர் சொன்னார்:

“மிஸ்ஸி, அந்த உத்திரம் வார எடத்த இன்னொருக்கா வாசிங்க.”

அவள் திரும்பவும் வாசித்தாள். கச்சேரிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தனை வருடத்தில் என்னை யாரும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னதில்லை. விளக்கம் கேட்டிருக்கிறார்கள், திரும்ப வாசிக்கக் கேட்டதில்லை. மிச்ச வடையைத் தட்டிலேயே வைத்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்திருந்தாள். “எல்லாரும் பேசாம இருந்ததும் பயந்துட்டேன்” என்றாள்.

“ஒரு எடத்துல ஒற்று கூடிப்போச்சு. ‘எடைப் பார்க்க’ன்னு வாசிச்ச. அங்க ‘ப்’ வராது.”

“வீட்டுக்குப் போய்த் திருத்திக்கிறேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சில மாதங்களில் அவள் நிறைய எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அவளுடைய கவிதை ஒன்றைப் படத்தோடு வெளியிட்டது. நான் இளமையில் அதே பக்கத்துக்கு அனுப்பி அனுப்பி ஓய்ந்தவன். அதை வைத்துப் பொறாமைப்பட்டு முடிப்பதற்குள், கவிதையை ஒழுங்காகப் படித்தேன். அதிலிருந்து வேறொரு பொறாமை கிளம்பியது.

மூடுபனியில் நீ வருகிறாய்.
முதலில் குரல்
பிறகு குடை
பிறகுதான் நீ.

போகும்போது
முதலில் நீ போகிறாய்
பிறகு குடை.
குரல் மட்டும்
இந்த வளைவிலேயே நிற்கிறது.

நான் குடை பிடிப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மழைக்கோட்டுத்தான். பதுளையில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் அந்த நீல மழைக்கோட்டைத் தெரியும். திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் கணித ஆசிரியர் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார்.

“நல்லா எழுதியிருக்காங்க சேர். ஆனா நீங்கதான் குடையே பிடிக்கிறதில்லையே.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று பாடம் நடத்தும்போதெல்லாம் குடை மனதில் விரிந்துகொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தேன். குடை என்பது காவலுக்குக் குறியீடாக இருக்கலாம். காவல் என்றால் கணவன், அப்படியானால் நான். அல்லது ஆகுபெயராக, குடை என்று சொல்லி அதைப் பிடித்த ஆளைக் குறித்திருக்கலாம். அப்படியானால் அந்த ஆள் யார்? எந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசியில் மழைக்கோட்டுப் போடாத ஒருவன் பனிக்குள் நின்றான்.

சனிக்கிழமை இன்னும் மோசமாகப் போயிற்று. உதாரணம் கேட்ட அதே மாணவி பத்திரிகைப் பக்கத்தை வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். “சேர், நீங்க படிமம்னு சொன்னீங்களே, இதுல இருக்கிறது அதானே?”

அதேதான். ஒரு கருத்தைக் கருத்தாகச் சொல்லாமல் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற ஒன்றாக முன்னால் நிறுத்துவது படிமம். பிரிவு என்ற சொல் அந்தக் கவிதையில் எங்குமே இல்லை. ஆள் போன பிறகும் நிற்கிற குரல்தான் இருக்கிறது. பனிக்குள் வரும் ஆளின் குரல் முதலில் கேட்டு, அப்புறம் குடை தெரிந்து, அப்புறம் ஆள் தெரிவது நாங்கள் எல்லோரும் தினமும் பார்ப்பது. அதே வரிசையைப் போகும்போது புரட்டிப் போட்டதில்தான் வலி வருகிறது. இதையெல்லாம் பலகையில் எழுதி விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். விளக்க விளக்க அது எவ்வளவு நல்ல கவிதை என்று எனக்கே தெரிந்துகொண்டு வந்தது.

“இதுல வர்ற ‘நீ’ யாரு சேர்?” என்று மாணவி கேட்டாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“கவிதையில வர்ற ‘நான்’ கவிஞர் இல்ல. ‘நீ’யும் குறிப்பிட்ட ஒருத்தர் இல்ல. ரெண்டுமே கவிதைக்காக உண்டாக்கின ஆட்கள்” என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். பரீட்சைக்கு அது சரியான விடை. என்னால் அதை நம்ப முடியவில்லை. சமையலறையில் பாத்திரங்கள் மறுபடி ஓசையிட்டன.

பல நாள் கேட்காமல் இருந்தேன். கேட்டது மடுல்சீமையில். அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மழையில் பாதை வெட்டுப்பட்டு, வேன் பாதிவழியிலேயே நின்றுவிட்டது. மிச்சத் தூரம் நடக்க வேண்டும். தேயிலை மலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். ஒரு வளைவு வந்தது. பள்ளத்தில் லயத்துக் கூரைகள் மங்கலாகத் தெரிந்தன. இதுதானா அந்த வளைவு என்று தோன்றியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. நின்றேன்.

“அந்தக் குடை யாரோடது?”

“எந்தக் குடைங்க?”

“பேப்பர்ல வந்த குடை.”

அவள் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினாள். “இதைக் கேக்கத்தான் இவ்வளவு நாளா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்களா?”

“சொல்லு.”

“குடை ஒரு அக்காவோடது. என் பகுதித் தோட்டத்துல கடைசி லயத்துல இருக்காங்க. நான் வீடு பார்த்துட்டுக் கிளம்பினா, ரோட்டு வரைக்கும் குடை பிடிச்சுக்கிட்டுக் கூட வருவாங்க. வேணாம்னாலும் கேக்க மாட்டாங்க.”

எனக்கு அப்படியே உடம்பு இளகியது. ஆனால் அவள் பேச்சு முடிந்த மாதிரி இல்லை.

“குரல்?” என்றேன்.

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். “குரல் பழசு.”

“யாரு?”

“ஏ.எல். படிக்கிறப்போ ஒருத்தரு இருந்தாரு. இந்த எடத்துலதான் நின்னு பேசுவோம். பேசினதுதான், வேற ஒன்னும் இல்ல. அப்புறம் கொழும்புக்கு வேலைக்குப் போனாரு, வரல. நானும் தேடல. முகம்கூட இப்போ சரியா ஞாபகம் இல்லீங்க. குரல் மட்டும் இருக்கு.”

ஒளிக்காமல், தடுமாறாமல் சொன்னாள். கர்ப்பிணி ஒருத்தியிடம் இரும்புச்சத்து குறைவு என்று சொல்லுவாளே, அந்த மாதிரி. சண்டை போட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

“அப்ப நான் அதுல இல்லையா?”

“இருக்கீங்க. ‘முதலில் நீ போகிறாய்’னு ஒரு வரி இருக்கே. அது நீங்க.”

“நான் எங்க போனேன்?”

“எங்கயும் போகல. எப்பவும் முன்னாடி நடந்துடுவீங்க. கல்யாணமாகி முதல்முறை இங்க வந்தப்பவும் அப்படித்தான். பனிக்குள்ள நீங்க மறைஞ்சு போறதப் பார்த்துக்கிட்டே பின்னாடி வந்தேன்.” சொல்லிவிட்டு, “வாங்க, மழை வந்துடும்” என்று என்னைத் தாண்டி நடந்தாள்.

அவள் அம்மா வீட்டில் அன்று எனக்குச் சோறு ருசிக்கவில்லை. குடை யாரோ ஓர் அக்காவுக்கு. குரல், கவிதையின் உயிரே அதுதான், முகம் மறந்துபோன ஒருவனுக்கு. மழையிலும் வெயிலிலும் கூடவே இருக்கும் எனக்குக் கிடைத்தது போகிற வரி. மூன்று பேரைப் பிய்த்து ஒரு ‘நீ’ செய்திருக்கிறாள். இத்தனை காலம் உவமைக்குப் பொருத்தமாகப் பொருள் தேடி எழுதியவன் நான். எனக்கு அப்படி ஒரு ‘நீ’ ஒருநாளும் அமைந்ததில்லை. அந்தக் குரல்காரன் மேல் பொறாமையா, அவனை அங்கே வைக்கத் தெரிந்த அவள் மேல் பொறாமையா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மாமியார், “மாப்பிள்ளைக்கு ஒடம்புக்குச் சரியில்லையா?” என்று கேட்டார். அவள், “மலை ஏறின களைப்பும்மா” என்றாள்.

பதிலுக்கு நானும் ஒரு ‘நீ’ கவிதை எழுதினேன். இளமையில் எனக்கும் ஒருத்தியைப் பிடித்திருந்ததாகக் கற்பனை செய்து, எதுகையும் மோனையும் பிசகாமல் எழுதிப் போயா அன்று வாசித்தேன். மனைவி முன்வரிசையில் இருந்தாள். புத்தகக் கடை நண்பர், “சேர், எதுகையெல்லாம் நல்லா ஈக்கிது” என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டாள்.

“அந்தப் பொண்ணு நெசமாவே இருந்துச்சா?”

“ஏன்?”

“இல்ல, இருந்த மாதிரி தெரியல. அதான்.”

போன வருடக் கடைசியில் அவளுடைய கவிதைகள் சின்னப் புத்தகமாக வந்தன. மெய்ப்பு பார்த்தது நான். ஒற்றுகளைச் சரி செய்தேன். சொற்களில் கை வைக்கவில்லை. வைக்க இடமும் இருக்கவில்லை. வெளியீடு பதுளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ஆய்வுரைக்கு நண்பர் என்னைத்தான் போட்டிருந்தார். ‘வீட்டுக்காரர் பேசினால் நன்றாக இருக்காது’ என்று மறுத்தேன். “ஒங்களுக்குத்தானே சேர் இதெல்லாம் பேர் சொல்லத் தெரியும்” என்றார்.

பேசினேன். உத்திரத்தைச் சொன்னேன். பசிநாயைச் சொன்னபோது என் மாணவர்கள் பின்னாலிருந்து கைதட்டினார்கள். குடைக் கவிதைக்கு வந்ததும், அதைப் படிமத்துக்கு உதாரணமாகக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

கூட்டம் முடிந்து அவள் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் வயதில் ஒருவர் வரிசையில் நின்றார். கொழும்பிலிருந்து வந்தவர் போன்ற உடை. அவர் முறை வந்ததும் குனிந்து அவளிடம் ஏதோ பேசினார். கனமான, நிதானமான குரல். நான் நாற்காலிகளை அடுக்கும் சாக்கில் கிட்டே போனேன். அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்த மாதிரியே அவரையும் பார்த்துச் சிரித்தாள். பேர் கேட்டாள், எழுதிக் கொடுத்தாள். அவர் போய்விட்டார்.

“யாரு அவர்?” என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன்.

“தெரியலங்க. தங்கச்சிக்கு வாங்கினாராம். பண்டாரவளையில கடை வச்சிருக்காராம்.” பேனாவை மூடினாள். “உங்க பேச்சு நல்லா இருந்துச்சு. ஆனா அந்தக் கவிதைய மட்டும் ஓடிக் கடந்துட்டீங்க.”

“நேரம் போதல.”

மிச்சப் புத்தகங்களை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

இப்போது அவளுக்குக் கடிதம் வருகிறது, கூட்டங்களுக்கு அழைப்பு வருகிறது. ஊரில் சிலர் என்னை மிஸ்ஸியின் வீட்டுக்காரர் என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். அது குத்தாமல் போய்விட்டதென்று சொன்னால் பொய். அவள் போனில் எதையாவது தட்டிவிட்டுத் தனக்குள் சிரிக்கும்போது, இன்று எனக்கு எந்த வரி கிடைக்கிறதோ, யாருக்கு எது போகிறதோ என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறேன். அனுப்பினால் உடனே படிப்பேன். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லப் பழகிவிட்டேன். அப்படிச் சொல்லும் நாட்களில் எனக்கு ஒன்றும் எழுத வருவதில்லை.

போன வாரம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், சப்பாத்தை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, உள்ளுறைன்னு சனிக்கிழமை வகுப்புல சொன்னீங்களே, அது எனக்குச் சரியா விளங்கல.”

மலையையும் மாட்டையும் பூவையும் வண்டையும் பற்றி மட்டும் வெளியே பேசிக்கொண்டு, சொல்ல வந்த மனுஷ விஷயத்தை அதற்குள்ளேயே வைத்துவிடுவது உள்ளுறை. படிப்பவர் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ‘போல’ என்ற சொல்கூட வராது. இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த மாதமே எங்கோ ஒரு தேயிலை மலையில் ஒரு மாடு மேயப் போகிறது, அதற்குள் யார் இருக்கிறார் என்று தெரியாமல் நான் திண்டாடப் போகிறேன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

வாசற்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.